கைக்கு லீவு இல்லை

எங்கள் கம்பெனிக்கு ஒரே ஒரு கைத்துப்பாக்கி வாங்க வேண்டியிருந்தது. அதற்காக ஒரு கமிட்டி போட்டார்கள். இரண்டு துப்பாக்கி என்றால் இரண்டு கமிட்டி போட்டிருப்பார்கள். அந்த மட்டுக்கும் அல்லாஹ் எங்களைக் காப்பாற்றினான்.

டெஸர்ட் லேம்ப் செக்யூரிட்டி சர்வீசஸ் என்பது கம்பெனியின் பெயர். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு டயர் கடைக்கும் ஒரு ரேடியேட்டர் பட்டறைக்கும் மேலே எங்கள் ஆபீஸ். எங்கள் காவலர்கள் கோடவுன் வாசல்களில் டார்ச் லைட்டும் விசிலுமாக நிற்பார்கள். இத்தனை காலமும் அந்த விசிலே போதுமானதாக இருந்தது. என் பெயர் கௌஸ் முகைதீன், கீழக்கரைக்காரன். விசாவில் டாக்குமெண்ட் கன்ட்ரோலர் என்று போட்டிருக்கிறது. உண்மையில் என் வேலை, மீட்டிங்கில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு, அதில் ஏதோ அர்த்தம் இருப்பது போல மினிட்ஸ் எழுதுவது. சுமை தூக்குவதைவிடக் கஷ்டமான வேலை. தூக்கியும் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

நகை வியாபாரி ஒருவர் தன் வேனுக்கு ஆயுதம் தாங்கிய காவலர் வேண்டும் என்று கேட்டார். அனுமதி விவகாரமெல்லாம் அர்பாப் பார்த்துக்கொண்டார். அர்பாப் என்றால் முதலாளி. மக்தூம் என்று பெயர். வெயில் காலத்தில் நாட்டிலேயே இருக்க மாட்டார், குளிர் காலத்தில் ஒட்டகப் பந்தயத்தில் இருப்பார். கான்ட்ராக்டில் ஒரு வரி இருந்தது: காவலருக்குத் தரும் கைத்துப்பாக்கி 'கையாளத்தக்க அளவு உதை' உள்ளதாக இருக்க வேண்டும். துப்பாக்கியைச் சுட்டால் குண்டு முன்னால் போகும், துப்பாக்கி பின்னால் வந்து கையை உதைக்கும். சிலது செல்லமாக உதைக்கும், சிலது ஜென்மப் பகை போல உதைக்கும். தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்கு என்பதுதான் அந்த வரிக்குப் பொருள். விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டிருந்தால் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

கமிட்டித் தலைவர் ஆபரேஷன்ஸ் மேனேஜர் ரெங்கராஜ். பொள்ளாச்சிக்காரர், எம்.பி.ஏ. உறுப்பினர் சேஃப்டி ஆபீசர் அருள்ராஜ், நாகர்கோவில். செயலாளர் நான். எங்கள் மூவரில் துப்பாக்கி பிடித்த அனுபவம் ரெங்கராஜ் சாருக்கு மட்டும்தான் இருந்தது. அதுவும் சின்ன வயதில், தீபாவளிக்கு.

முதல் மீட்டிங்கில் ரெங்கராஜ் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் தொலைநோக்கோடு பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"கையாளத்தக்கன்னு போட்டிருக்காங்க. நல்லதுங்க. யாரு கையால? அத மொதல்ல முடிவு பண்ணோணும். துப்பாக்கிய அப்புறம் பாத்துக்கலாம், அது எங்கீங்க போயிரப் போகுது?"

"ஒரு ஆவரேஜ் கை வேணும் சார்," என்றார் அருள்ராஜ். "எல்லாருக்கும் பொதுவா ஒரு கை. அத வச்சு ஸ்டாண்டர்ட் எடுத்துட்டோம்னா பெறவு ஒருத்தன் கேள்வி கேக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

சராசரிக் கையைக் கண்டுபிடிக்க, காவலர்களுக்குக் கொடுத்த கையுறைகளின் அளவை ஸ்டோரில் கேட்டார்கள். எல்லாருக்கும் ஒன்பதாம் அளவு என்று ஸ்டோர்கீப்பர் செய்கு முகம்மது பதில் அனுப்பினார். அவரிடம் ஒன்பதாம் அளவு கையுறைப் பெட்டிகள் மட்டும்தான் இருந்தன. பெஷாவர்க்காரர் ஆஜானுபாகுவாக வந்து நின்றாலும் அதுதான், நேபாளத்துப் பையன் வந்து நின்றாலும் அதுதான். இதை நான் எடுத்துச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ரெங்கராஜ் சார் மேஜையைத் தட்டினார்.

"பாத்தீங்களா பாய், நம்ம ரெக்ரூட்மெண்ட் எத்தன யூனிஃபார்மா இருக்குதுன்னு!"

அப்படியே எழுதிக்கொண்டேன். அடுத்து, இத்தனை ஒன்பதாம் அளவுக் கைகளில் எதை எடுப்பது என்ற பிரச்சினை. கையுறை இறுக்கிப் பிடிக்கிறது, கிழிகிறது, விரல் நுனி தொங்குகிறது என்று எல்லாரும் புகார் கொடுத்திருந்தார்கள். புகாரே கொடுக்காத ஒரே ஆள் கார்மேகம். அவன் கைக்குத்தான் ஒன்பதாம் அளவு கச்சிதம் என்று கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது. கார்மேகம் கமுதிப் பக்கத்துப் பையன். சீமைக் கருவேல முள் வெட்டுகிற அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று, வாங்கிய கையுறைகளை எல்லாம் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தான். போடாத கையுறையைப் பற்றி அவன் என்ன புகார் கொடுப்பான்?

இந்த ஊரில் ஏணி, ஒயர், செயின் எதுவானாலும் சோதனை முடிந்ததும் கலர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அருள்ராஜ் கார்மேகத்தைக் கூப்பிட்டு, வலது மணிக்கட்டில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார். கம்பெனியின் ஆதாரக் கை என்று அதற்குப் பெயர் வைத்து, சொத்துப் பட்டியலில் ஏசி மெஷினுக்கும் போட்டோகாப்பி மெஷினுக்கும் நடுவில் சேர்த்தார்கள். அந்தக் கை வாளி தூக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, நகத்தைக்கூட சேஃப்டி முன்னிலையில்தான் வெட்ட வேண்டும். மெஸ்ஸில் மீன் குழம்பை ஸ்பூனால் சாப்பிட வேண்டும்.

"என்னா பாய் இது, என்னயக் கேக்காமக் கைய எழுதி வாங்கிட்டாக?" என்று கார்மேகம் என்னிடம் வந்தான்.

"துணி தொவைக்க வேணாம்லப்பா, சும்மா இரு," என்றேன்.

அந்த வாரம் அவனுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. நாங்கள் தங்கியிருந்த கேம்பில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் "கை நல்லா இருக்கா?" என்று விசாரித்தார்கள். அவனை யாரும் விசாரிக்கவில்லை.

பாலைவனத்து ஓரத்தில் ஒரு சுடுதளம். அங்கே பயிற்சியாளர் சப்ரீனா, இலங்கையில் கல்முனைக்காரி. மூன்று துப்பாக்கிகளை மேஜையில் வைத்திருந்தார். ஒன்று சட்டைப் பையில் அடங்குகிற குட்டி. ஒன்று நடுத்தரம். மூன்றாவது, இரும்பில் செய்த பெரிய சாமான், தூக்கினாலே கை கீழே போகும்.

"சின்னத் துவக்கு எண்டா சின்ன உதை எண்டு நினைக்க வேணாம்," என்றார் சப்ரீனா. "பாரமில்லாத துவக்குதான் கைய உதைக்கும். பாரமான துவக்கு உதையில பாதிய தானே வாங்கிக்கொள்ளும். தம்பி ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சி, கொஞ்சம் முன்னுக்குச் சாஞ்சி சுட்டுப் பார்க்கட்டும். எது தாங்குதோ அத வாங்குங்க."

வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் கமிட்டி அப்போதுதான் கார்களிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தது. சப்ரீனா சொன்னதை 'வெளியாள் கருத்து' என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்.

அருள்ராஜ் கார்மேகத்துக்கு ஹெல்மெட், கண்ணாடி, காது மூடி, பளபளக்கிற ஜாக்கெட், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடிக் கையுறை எல்லாம் போட்டார். துப்பாக்கியின் உதையில் ஆள் பின்னால் பறந்துவிடக் கூடாது என்று, உயரத்தில் வேலை செய்கிறவர்கள் கட்டுகிற பெல்ட்டை அவன் மேல் மாட்டி, கொக்கியை முன்னால் அல்ல, பின்னால் இருந்த தூணில் மாட்டினார். அப்படியும் பறந்துவிட்டால்? கேம்பிலிருந்து கொண்டுவந்த மெத்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் பின்னால் நின்றார்கள்.

"முன்னுக்குச் சாயுங்க தம்பி," என்றார் சப்ரீனா.

"சாய முடியலக்கா. பின்னாடி கட்டிப் போட்டுருக்காக."

"விரல உள்ளுக்கு விடுங்க."

"ரெண்டு கிளவுஸோட நுழைய மாட்டேங்குதுக்கா."

இதற்குள் அருள்ராஜ் விசில் ஊதினார். கோடையில் வெட்டவெளி வேலைக்கு மதியம் கட்டாய ஓய்வு உண்டு, அந்த நேரம் வந்துவிட்டது. நாங்கள் நின்ற இடத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, எனக்குக் குளிரில் பல் கிட்டியது. "உள்ளயா வெளியயாங்கது முக்கியமில்ல. ரூல்னு வந்துட்டா எல்லா எடத்துக்கும் ரூல்தான்," என்றார் அருள்ராஜ். மெத்தையை விரித்து அதிலேயே ஓய்வு எடுத்தோம். ஓய்வு முடிந்தபோது அன்றைய வேலைக்கான அனுமதிச் சீட்டின் நேரமும் முடிந்திருந்தது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. விபத்தே இல்லாத நாள் என்று ரெங்கராஜ் சார் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார்.

பிறகு சோதனையை ஆபீஸிலேயே நடத்தலாம் என்று முடிவானது. கார்மேகம் ஸ்டேப்ளரைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டுவான். ரெங்கராஜ் சார் வாயால் "டுமீல்" என்பார். அருள்ராஜ் ஸ்டேப்ளரை உள்ளங்கையால் பின்னால் அடிப்பார். உடனே சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை வரைந்த அட்டையை நீட்டி, எந்த முகம் என்று கேட்பார்கள். பெரிய மனிதர்கள் கேட்கிறார்களே என்ற மரியாதையில் கார்மேகம் எப்போதும் நடு முகத்தையே காட்டினான். நாள் கணக்கில் அடி வாங்கியும் நடு முகம்தான். புள்ளிவிவரம் இத்தனை ஒழுங்காக வந்து தன் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று ரெங்கராஜ் சார் நெகிழ்ந்துபோனார்.

இந்தச் சமயத்தில்தான் கார்மேகத்தின் லீவு வந்தது. ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். பெண் நாகஜோதி, அருப்புக்கோட்டை. பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது. கமிட்டி ஆரம்பிப்பதற்கு முன்பே லீவு கேட்டிருந்தான். ரெங்கராஜ் சார் அவனை உட்காரவைத்தே பேசினார். அது அவர் பெருந்தன்மை.

"கார்மேகம், நீங்க தாராளமா ஊருக்குப் போலாம். நம்ம கம்பெனி மனுசங்களுக்கு மதிப்புக் குடுக்கற கம்பெனி. உங்களத் தடுக்க நான் யாரு? ஆனா கை வேற டிபார்ட்மெண்டுங்க. அது சொத்துப் பட்டியல்ல இருக்குது. சோதனை நடக்கறப்ப கம்பெனிச் சொத்து நாட்ட விட்டு வெளிய போக முடியாது."

"சார், கை என்கூடத்தான சார் இருக்கு?"

"அதுதான் சிக்கலே," என்று ரெங்கராஜ் சார் உண்மையான வருத்தத்தோடு தலையாட்டினார்.

கேட் பாஸ் போட்டு அனுப்பலாமா என்று நான் கேட்டுப் பார்த்தேன். திரும்பி வர வேண்டிய சாமான் என்று பாஸ் போடலாம், ஆனால் சாமானை உடையாதபடி பேக் செய்து சீல் வைக்க வேண்டும் என்றார் அருள்ராஜ். கல்யாண மாப்பிள்ளை சீல் வைத்த பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு மணவறையில் உட்கார முடியுமா? வாழ்க்கையில் எனக்குக் கோபம் வருவது குறைவு. அன்றைக்கு வந்தது. அந்தப் பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்து அவன் நாகஜோதிக்கு போன் போட்டான். தனக்குச் சொல்ல வரவில்லை என்று போனை என் கையில் கொடுத்துவிட்டான். நான் முழுக்கதையும் சொன்னேன்.

"அண்ணே, ஆள விடுறாகளாம், கைய விட மாட்டாகளாமா?"

"ஆமாம்மா."

"அப்பத் தாலிய யாருண்ணே கட்டுறது? ரெண்டாவது முடிச்சும் மூணாவது முடிச்சும் நாத்தனா போடுவாக. மொத முடிச்சையும் அவுகளே போட்டா, நான் நாத்தனா கூடத்தான் குடும்பம் நடத்தணும்."

"கமிட்டி என்னம்மா செய்யும்..."

"ஜவுளிக்கடை வாசல்ல சேலையக் கட்டிக்கிட்டுப் பொம்ம நிக்கிதுல்ல? அது மாதிரி ஒரு கையச் செஞ்சு அவுக மேஜ மேல வச்சிட்டு, எங்க ஆள அனுப்பி வைங்கண்ணே. அந்தக் கமிட்டிக்கு அது போதும்."

அவள் எரிச்சலில் சொன்னாள். நானும் அதே எரிச்சலில், அடுத்த மினிட்ஸில் கடைசி வரியாக 'ஆதாரக் கைக்கு மாற்றாகப் பொம்மைக் கை, ஒரு ஆலோசனை' என்று எழுதிவைத்தேன். என் மினிட்ஸை யாரும் படித்ததே கிடையாது. அன்றைக்குப் பார்த்துப் படித்துவிட்டார்கள்.

"இதச் சொன்ன கன்சல்டன்ட் யாருங்க பாய்?" என்று ரெங்கராஜ் சார் எழுந்தே நின்றுவிட்டார்.

"அருப்புக்கோட்டை சார்," என்றேன்.

தொழில்பேட்டையிலேயே துணிக்கடைப் பொம்மை செய்கிற பட்டறை ஒன்று உண்டு. நடத்துகிறவர் ஹசன் அலி, அதிராம்பட்டினத்துக்காரர். கார்மேகத்தின் வலது கையைக் கலவையில் முக்கி அச்சு எடுத்தார். காய்கிறவரை பையன் ஒரு கையால் டீ குடித்துக்கொண்டிருந்தான், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஹசன் அலிக்கு இரண்டே சந்தேகம். நகத்துக்கு பாலிஷ் போடணுமா? மோதிரம் வேணுமா? வேண்டாம் என்றோம். பெயின்ட் மட்டும் அவரிடம் பொம்மைக்கு அடிக்கிற ரோஸ் கலர்தான் இருந்தது. கமுதி வெயிலில் கறுத்த கை, பன்னீரில் கழுவி எடுத்தது போல வந்து சேர்ந்தது.

"ஒரிஜினலுக்கு இது மேலுங்க," என்று ரெங்கராஜ் சார் அதோடு கைகுலுக்கினார்.

பச்சை ஸ்டிக்கரை உரித்துப் பொம்மைக் கையில் ஒட்டினார்கள். கார்மேகம் அன்றைக்கே விமானம் ஏறினான். ஒரு மாத லீவு. ஆனால் ஒரே அடையாள எண்ணில் ஒரு ஆள் லீவிலும் டியூட்டியிலும் இருக்க முடியாது என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. கை டியூட்டியில் இருக்கிறதே, அதை எப்படி மறைப்பது என்று யோசித்த ரெங்கராஜ் சார், டியூட்டி என்றே போடச் சொன்னார். "கை நம்மகிட்ட இருக்கறவரைக்கும் கார்மேகம் நம்மகிட்ட இருக்கறதாத்தானுங்க அர்த்தம்."

புதுக் கையை சுடுதளத்துக்குக் கொண்டுபோய் ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். மூன்று துப்பாக்கியையும் ஒவ்வொன்றாக அதன் பிடியில் வைத்தார்கள். விரல் மடங்காது, விசையை இழுக்காது, குண்டும் இல்லை. சப்ரீனா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அருள்ராஜ் ஸ்டாண்டைக் குனிந்து பார்த்து, "அசைவு இல்ல சார்... இதுலயும் அசைவு இல்ல... இதுலயும் சுத்தமா இல்ல," என்று அறிக்கை கொடுத்தார். முக அட்டையை நீட்டினார்கள். கை ஒன்றும் சொல்லவில்லை. ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொண்டேன். மூன்றுமே பாஸ். மூன்றில் எது என்று வந்தபோது, ரோஸ் நிறத்துக்கு எடுப்பாக இருந்ததால் குட்டித் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். பொம்மைக் கையின் கட்டைவிரலில் மை தடவி, பயனாளரின் ஒப்புதல் என்று கைநாட்டும் வாங்கினார்கள்.

"வேணாம் சேர்," என்றார் சப்ரீனா. "இந்த மூணுலயும் அதுதான் கூடுதலா உதைக்கும்."

"மேடம், நாங்க டேட்டாவ வச்சுப் பேசறோம்," என்றார் ரெங்கராஜ் சார்.

சுடுதளத்திலேயே துவக்க விழா வைத்தார்கள். ரிப்பன், கேக், பேனர் எல்லாம் இருந்தது. பொம்மைக் கைக்கு வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி செய்து, கார்மேகத்தின் அடையாள அட்டையைத் தொங்கவிட்டு, மாதத்தின் சிறந்த ஊழியர் என்று மாலையும் போட்டார்கள். முதல் குண்டை ரெங்கராஜ் சார் சுடுவதாக ஏற்பாடு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையில் துப்பாக்கியை நீட்டினார். இரண்டு கையாலும் பிடியுங்கள் என்று சப்ரீனா கத்தியது போட்டோவுக்கு இடைஞ்சலாகத்தான் இருந்தது.

சுட்டார். குட்டித் துப்பாக்கி துள்ளி எழுந்து, கறுப்புக் கண்ணாடியைத் தட்டி எறிந்து, கட்டைவிரல் சந்தில் தோலையும் வழித்துக்கொண்டு, மணிக்கட்டைத் திருகிவிட்டுக் கீழே விழுந்தது. குண்டு எங்கே போனது என்று தெரியவில்லை. சப்ரீனாதான் பாய்ந்து துப்பாக்கியைப் பத்திரப்படுத்தினார். ரெங்கராஜ் சார் அழுகிற முகமாக நின்றார். அட்டையில் கடைசியாக வரைந்திருந்ததே, அச்சு அசல் அதே முகம்.

விசாரணைக் கூட்டம் நடந்தது. துப்பாக்கி தரநிலைப்படி தேர்வானது, அதில் குறை இருக்க வழியில்லை. ஆகவே குறை கையில்தான் இருக்க வேண்டும் என்று அருள்ராஜ் கண்டுபிடித்தார். பழுதான சாமானை யாரும் உபயோகிக்காதபடி சிவப்பு அட்டை கட்ட வேண்டும் என்பது இங்கே விதி. அவர் சட்டத்துக்கு முன்னால் மேலதிகாரி கீழதிகாரி பார்க்கிற ஆள் இல்லை. ரெங்கராஜ் சாரின் வலது மணிக்கட்டில் 'உபயோகிக்கக் கூடாது' என்ற சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டார்.

"அருளு, நான் கையெழுத்துப் போடோணுமே?"

"பரிசோதன முடியட்டும் சார். அதுவரைக்கும் இந்தக் கை போட்ட கையெழுத்து செல்லாது."

கம்பெனியே நின்றுபோனது. டீசலுக்கு சாரின் கையெழுத்து, கேம்புக்குத் தண்ணீர் லாரிக்கு சாரின் கையெழுத்து, கட்டட வாடகைக் காசோலைக்கும் சாரின் கையெழுத்து. தண்ணீர் லாரிக்காரன் திரும்பிப் போனான். கட்டடத்துக்காரர் நேரே அர்பாபுக்கு போன் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் ஒட்டக வாசனையோடு அர்பாப் படியேறி வந்தார். கார்மேகம் லீவு முடிந்து வந்து இறங்கியதும் அதே காலைதான். எனக்காகக் கொண்டுவந்த அருப்புக்கோட்டை சேவுப் பொட்டலத்தோடு வரவேற்பறையில் நின்றிருந்தான். கழுத்தில் மைனர் செயின், முகத்தில் துக்கம்.

"தலைத் தீபாவளிக்கு இருக்க மாட்டீகளான்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்துச்சு பாய்," என்றான் மெதுவாக. "கண்ணு நெறஞ்சிருச்சு. மாமா வேட்டியெல்லாம் எடுத்து வச்சிருக்காராம். ஒரு மாசத்துல மறுபடி லீவு குடுங்கன்னு யாருகிட்ட கேக்க?"

ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதற்குள் அர்பாப் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"ஷூ ஹாதா?" என்றார். இது என்ன என்று கேட்கிறார்.

அர்பாப் எங்களோடு பேசுவது அரபியும் ஹிந்தியும் கலந்த ஒரு பாஷை. மீதியைத் தமிழிலேயே சொல்கிறேன். ரெங்கராஜ் சார் சிவப்பு அட்டைக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு முன்னால் வந்தார். பொம்மை என்று சொன்னால் வேலை போகும். அதனால் பொம்மை என்ற சொல்லே வராமல் பேசினார்.

"அர்பாப், இது நம் ஆயுதக் காவலர் பிரிவின் அடையாளம். இந்தக் கை டியூட்டியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. வெள்ளிக்கிழமைகூட ஓய்வு கேட்டதில்லை. சம்பள உயர்வு கேட்டதில்லை, காய்ச்சல் என்று படுத்ததில்லை. நம் கம்பெனி எப்படிப்பட்ட ஊழியர்களை உருவாக்க விரும்புகிறது என்பதற்கு இதுதான் உதாரணம்."

அர்பாப் அடையாள அட்டையைப் படித்தார். "யார் கார்மேகம்?"

கார்மேகம் பொட்டலத்தோடு கையைத் தூக்கினான். அர்பாப் அந்தக் கையையும் பெட்டிக்குள் இருந்த ரோஸ் கையையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் எல்லாரையும் காரில் ஏறச் சொன்னார்.

சுடுதளத்தில் இறங்கியதும் அர்பாப் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எது நல்லது என்று சப்ரீனாவிடம் கேட்டார். அவர் முதல் நாள் காட்டிய அதே இரும்புத் துப்பாக்கியைக் காட்டினார். கார்மேகத்துக்குக் கண்ணாடியும் காது மூடியும் மட்டும் கொடுத்தார். பெல்ட் இல்லை, மெத்தை இல்லை. "ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிங்க. முன்னுக்குச் சாயுங்க. மூச்ச விட்டுப்போட்டு மெதுவா இழுங்க."

வெடித்தது. கார்மேகம் நின்ற இடத்திலேயே நின்றான். எதிரே இலக்கு அட்டையில் விழுந்த குண்டு ஓட்டையை எட்டிப் பார்த்தான்.

"எப்படி?" என்றார் அர்பாப்.

"ஒதைக்கிது அர்பாப். தாங்கலாம்."

"கலாஸ்," என்றார் அர்பாப். முடிந்தது என்று அர்த்தம். கமிட்டி ஒரு கோடைகாலம் முழுக்கச் செய்த வேலை அதோடு சரி. அருள்ராஜ் முக அட்டையை எடுக்கப் போன கையை அப்படியே பைக்குள் விட்டுக்கொண்டார்.

கார்மேகத்தின் தீபாவளி லீவைப் பற்றி நான் போய் அர்பாப் காதில் ஏதாவது சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேவையே இல்லாமல் போயிற்று. அவரே ரெங்கராஜ் சாரிடம் திரும்பினார்.

"இவன் லீவே எடுக்கவில்லை என்றாயே, உண்மையா?"

சார் முகத்தில் நான் பார்த்தது வாழ்நாளுக்கும் போதும். ஊருக்குப் போய்விட்டு இன்று காலைதான் வந்தான் என்று சொன்னால், டியூட்டியில் இருந்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு ஹசன் அலி பட்டறையிலிருந்து ஆரம்பித்துப் பதில் சொல்ல வேண்டும்.

"உண்மைதான் அர்பாப். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் இருக்கிறது."

"ஹராம்! பாவம்!" அர்பாபுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "மனிதனா, ஒட்டகமா? ஒட்டகத்துக்கே நான் ஓய்வு கொடுக்கிறேன். உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?"

"ஆயிருச்சு அர்பாப். இப்பத்தான்," என்றான் கார்மேகம், உண்மையைத் தவிர வேறு எதுவும் வராமல்.

"புது மனைவியை விட்டுவிட்டு, லீவும் இல்லாமல் வேலையா? வேன் டியூட்டி தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. இவனை ஊருக்கு அனுப்பு. உங்கள் பண்டிகை வருகிறதே, அது முடிந்து வரட்டும்."

லீவுச் சீட்டில் ரெங்கராஜ் சார் கையெழுத்துப் போட முடியாது, சிவப்பு அட்டை இருக்கிறது. அர்பாபே கார் பானெட்டில் வைத்துப் போட்டுக் கொடுத்தார். கார்மேகம் அங்கேயே நின்று நாகஜோதிக்கு போன் போட்டான். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"தீபாவளிக்கு வாரேன் புள்ள."

"நெசமாவா? முழுசா வாரீகளா, இல்ல எதையாச்சும் வச்சிட்டு வரச் சொல்லிருக்காகளா?"

"முழுசா வாரேன்."

அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. சப்ரீனா சத்தமாகவே சிரித்துவிட்டார்.

தீபாவளியன்று எனக்கு ஒரு போட்டோ வந்தது. பட்டு வேட்டியில் கார்மேகம் நிற்கிறான். பக்கத்தில் நாகஜோதி, கையில் சுருள் கேப் போட்டுச் சுடுகிற பொட்டுத் துப்பாக்கி. கீழே ஒரு குரல் பதிவு: "அண்ணே, இதச் சுட்டா ஒதையே இல்லண்ணே. வெலையும் சல்லிசு. ஒங்க கமிட்டிக்குச் சொல்லிருங்க."

அன்று மாலை மீட்டிங் இருந்தது. ரெங்கராஜ் சார் அட்டை அவிழ்த்த கையால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வேறு யோசனை ஏதாவது உண்டா என்று கேட்டார். போன் என் பைக்குள் இருந்தது. எதுவும் இல்லை என்று சொல்லி, மினிட்ஸை மூடிவிட்டேன். எழுதியிருந்தால் நூறு வாங்கியிருப்பார்கள்.